காகிதக் கோப்பையில் எனக்கு மட்டும்

1

நியூயார்க்கில் காலை ஏழு மணிக்கு ரயில் படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்களைப் பார்த்தால், பாதிப்பேர் கையில் ஒரே மாதிரியான காகிதக் கோப்பை இருக்கும். நீலமும் வெள்ளையும் கலந்தது. விளிம்பில் புடவைக் கரை மாதிரி கட்டம் கட்டமாக ஒரு கோலம். நடுவில் கிரேக்க நாட்டுப் பழைய ஜாடியின் படம். உங்களுக்குப் பரிமாறுவதில் எங்களுக்கு மகிழ்ச்சி என்று பொருள்படும் ஒரு வரி பொன்னிற எழுத்தில். தெருவோரத்துக் காபி வண்டிகளில் எல்லாம் இதில்தான் தருகிறார்கள். குடித்து முடித்ததும் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இந்த ஊருக்கு வந்து இந்த மாதத்தோடு ஏழு வருஷம் முடிகிறது. பனியைப் பற்றியும் மாடிக் கட்டடங்களைப் பற்றியும் எழுதச் சொல்லித் தம்பி கேட்டிருந்தான். எழுதியிருப்பேன். ஆனால் மூன்று வாரமாக எனக்கு அந்தக் கோப்பையைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வந்த முதல் வாரம், வேலைக்குப் போகும் வழியில் வண்டிக்காரரிடம் காபி கேட்டேன். மீசை வைத்த கிரேக்கர். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. ஒரு கோப்பையை அடுக்கிலிருந்து உருவி, ஊற்றி, என் கையிலேயே கொடுத்தார். எனக்கு முன்னால் வாங்கியவர் பெரிய சர்ஜன். பின்னால் நின்றவர் எங்கள் வார்டில் தரை துடைப்பவர். மூன்று பேர் கையிலும் அதே நீலம்.

குடித்து முடித்ததும் நான் செய்ததை இப்போது நினைத்தால் என்னவோ போலிருக்கிறது. வண்டியைச் சுற்றி வந்து, "தண்ணீர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். எதற்கு என்றார். "கோப்பையைக் கழுவிவைக்க." அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, குப்பைத் தொட்டியைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தார். பல மாதம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "கழுவ வந்தீர்களா, மேடம்?" என்று கேட்பார்.

கழுவிவைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குச் சொல்லவில்லை. யாருக்குமே சொன்னதில்லை.

2

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீடு ஏரிக்கரையில், சர்ச்சுக்குப் பின்னால் இருந்தது. என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு நிலத்துக்காரர்களிடம் கூலிவேலை. விடிந்ததும் வயலுக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. கடைக்குள் கண்ணாடி கிளாஸ்கள் வரிசையாக இருக்கும். எங்கள் ஆட்களுக்கு வெளியே, கீற்றுக்குக் கீழே இருக்கும் கம்பத்தில் ஆணி அடித்து இரண்டு அலுமினியக் குவளைகள் மாட்டியிருக்கும். போனதும் அதை நாமே எடுக்க வேண்டும். நாமே தண்ணீர் விட்டு அலசி, நீட்ட வேண்டும். கடைக்காரர் கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். குந்திக் குடித்துவிட்டு, மறுபடி கழுவி, அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும்.

நான் நர்ஸ் படிப்பு முடித்து, மெட்ராசில் வேலை கிடைத்து, வெள்ளைப் புடவையில் ஊருக்கு வந்தேன். நைனா என்னை விடவில்லை. "வா, ஒரு காபி குடிச்சிட்டு ஊட்டுக்குப் போலாம்" என்று கடைக்குக் கூட்டிப்போனார்.

"இன்னா முனுசாமி, உம் பொண்ணு டாக்டரம்மா ஆயிடுச்சாமே?"

"டாக்டரு இல்ல சாமி, நர்சு."

"எல்லாம் ஒண்ணுதான். ஊசி போட்டா சரி" என்று சொல்லிக் கடைக்காரர் நல்லபடியாகத்தான் சிரித்தார். கடைக்குள் திரும்பி, அடுக்கிவைத்திருந்த கண்ணாடி கிளாஸ்களைப் பார்த்தார். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "கொவளைய எடுத்துக்கோம்மா" என்றார்.

நான் எடுக்கவில்லை. நைனா இரண்டையும் எடுத்து நீட்டினார். இரண்டு காபியையும் அவரே குடித்தார். இரண்டு குவளையையும் அவரே கழுவி மாட்டினார். வரும் வழியில், "சூடா இருந்துச்சி, அதான் நீ குடிக்கல" என்று தனக்கே சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு வந்தார்.

எனக்கும் தேவராஜுக்கும் கல்யாணமாகி, பெண் பிறந்தபோது நாங்கள் முடிவு செய்தது ஒன்றே ஒன்றுதான். அந்த ஆணியைப் பற்றி இவளுக்குத் தெரியவே கூடாது.

3

இங்கே வந்ததும் முதலில் தகராறு செய்தவை படிவங்கள். குடியேற்ற அலுவலகத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். என் பாஸ்போர்ட்டில் எம். எஸ்தர் என்றுதான் இருக்கிறது. கவுண்டரில் இருந்த அம்மாள், "எம் என்றால் என்ன?" என்றாள். அப்பா பெயர் என்றேன். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அன்றிலிருந்து நான் மிசஸ் முனுசாமி. ஊரில் சின்னப்பையன்கள்கூட 'டேய்' போட்டுக் கூப்பிட்ட பெயர். இங்கே ஆஸ்பத்திரி ஒலிபெருக்கியில் மரியாதையோடு வருகிறது. நைனாவுக்குக் கடிதத்தில் எழுதியபோது, "என் பேரச் சொல்லி வெள்ளக்காரன் ஒன்ன கூப்புடறானா? நெசமாவா?" என்று தம்பியை விட்டுப் பதில் எழுதச் சொன்னார்.

விஜயாவைப் பார்த்தது முதல் வருஷம், ரயிலில். நான் மகளிடம் தமிழில் ஏதோ அதட்டிக்கொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் இருந்தவள் எழுந்து வந்து, "நீங்க எந்த ஊரு?" என்றாள். அவள் திருவள்ளூர்க்காரி. புகுந்த வீடு பக்கத்திலேயே மணவாள நகர். ஊரில் என்றால் திருவள்ளூர் ஒரு ரயில் பாதை, கும்மிடிப்பூண்டி வேறொரு ரயில் பாதை. நியூயார்க்கில் இரண்டும் ஒரே ஊர். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எஸ்தர் என்ற பெயர் ஒரு திரை மாதிரி. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தோன்றாது. தோன்றினாலும் கேட்க மாட்டார்கள்.

ஆறு வருஷப் பழக்கம். அவளுக்கு இரண்டாவது பிரசவம் சிக்கலாகி, ஆபரேஷனுக்குப் பிறகு பத்து நாள் எழுந்திருக்க முடியவில்லை. அவள் கணவர் வேலைக்குப் போய்விடுவார். நான் என் டியூட்டி முடிந்ததும் போவேன். உடம்பு துடைத்து, துணி அலசிப் போட்டு, ரசம் சோறு பிசைந்து என் கையால் ஊட்டிவிட்டிருக்கிறேன். "நீ எனக்குக் கூடப் பொறந்தவ எஸ்தர்" என்பாள். அவளுடைய மூத்த பெண் உஷாவும் என் மகள் சுகிர்தாவும் ஒரே வயது. இப்போது பதினொன்று. சனிக்கிழமைதோறும் விஜயா அந்த இருவரோடு இன்னும் நாலு குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவாள்.

சுகிக்கு இந்த ஊரில் தமிழ் காதில் விழும் இடம் அது ஒன்றுதான். எங்களிடம் ஆங்கிலத்திலேயே பேசுவாள். நாங்கள் தமிழில் கேட்டால் தோளைக் குலுக்குவாள். ஒரு தரம் என் தம்பி போட்டோவைக் காட்டி, "இந்த மாமா யாரு, உன் ஃபிரண்டா?" என்று கேட்டாள். அப்படிப்பட்டவள், பாட்டு வகுப்பிலிருந்து வந்தால் மட்டும் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் தமிழ் பேசுவாள். அதற்காகவே எனக்கு சனிக்கிழமைகள் வேண்டியிருந்தன.

4

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போனபோது எல்லோருக்கும் ஏதேதோ வாங்கிப்போனேன். நைனாவுக்கு ஒரு சட்டை. அதோடு, பெட்டியில் நசுங்காமல் இருக்க ஒரு டப்பாவில் வைத்து, அந்த நீலக் கோப்பை ஒன்று.

"இன்னாமே இது, காயிதத்துல செஞ்சிகிறான்?"

"காபிக் கப்பு நைனா. ஒரு தடவ குடிச்சிட்டுத் தூக்கிப் போட்டுடணும்."

"ஏன், பொத்துக்குமா?"

"பொத்துக்காது. ஒருத்தர் குடிச்சத இன்னொருத்தர் குடிக்க மாட்டாங்க. அங்க எல்லாருக்கும் இதான். பெரிய டாக்டருக்கும் இதான், எனக்கும் இதான்."

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு மின்னாடி எவனும் வாய் வச்சதில்லியா இதுல?"

"இல்ல நைனா."

தூக்கிப்போடவில்லை. அலசிக் கவிழ்த்துவைத்து, மறுநாள் காலை டீக்கடைக்கே எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். கம்பத்தில் குவளைகள் அப்படியேதான் இருந்தன. நைனா அவற்றை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அமெரிக்கா கப்பு. இதுல ஊத்து" என்று நீட்டினார். கடைக்காரர் வாங்கிப் பார்க்கவில்லை. உயரத்திலிருந்து ஊற்றினார். "பலே முனுசாமி! இப்புடி ஆளுக்கு ஒண்ணு கொண்டாந்துட்டா எனக்கும் பேஜாரு இல்ல, ஒங்களுக்கும் பேஜாரு இல்ல" என்றார்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தோம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நாலாம் நாள் கோப்பையின் அடி ஊறிப்போய்விட்டது. அதற்குப் பிறகும் அதில் பீடிக்கட்டை வைத்துக்கொண்டிருந்தார். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். அது இன்னும் மாடத்தில் இருக்கிறது என்று தம்பி எழுதியிருந்தான்.

5

இந்த வருஷம் கோடையில் விஜயாவின் மாமியார் ஊரிலிருந்து வந்தார். ஆறு மாதம் இருந்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. நல்ல அம்மாள், கலகலப்பானவர். பேரனின் பிறந்தநாளுக்கு நிறையப் பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். "இத்தனை பேருக்கு டம்ளருக்கு எங்க போவேன்?" என்று விஜயா தவித்தாள். நான்தான் வண்டிக்காரரிடம் சொல்லி நீலக் கோப்பை ஒரு கட்டு, ஐம்பது, வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். பாதிதான் செலவானது. மிச்சத்தை சமையலறை அலமாரியில் வைத்ததும் நான்தான்.

அன்றைக்குக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உனக்கு எந்த ஊரும்மா?"

"கும்மிடிப்பூண்டிம்மா."

"அடடே, எங்க அண்ணன் அந்தப் பக்கம் கர்ணமா இருந்தாரு. எனக்கு அங்க தெருத்தெருவாத் தெரியும். நீ எங்க?"

"ஏரிக்கரை."

"ஏரிக்கரைன்னா... சர்ச்சுக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா?"

"அந்தாண்ட."

"வேதக்காரங்களா நீங்க?"

"ஆமாம்மா."

"அதுக்கு முன்னாடி?"

விஜயா பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது. நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எத்தனை படிவத்தில் என் நைனா பெயரை எழுதியிருக்கிறேன். அவரை மறைக்க எனக்கு வாய் வரவில்லை. "எங்கப்பா கூலிவேலை செஞ்சாரும்மா. அங்கயே பரம்பரையா" என்றேன்.

"ஓ" என்றார் அந்த அம்மாள். அவ்வளவுதான். சிரித்த முகம் மாறவில்லை. உடனே, "அங்கெல்லாம் இப்ப ஃபேக்டரிங்க வருதாமே?" என்று பேச்சை மாற்றினார். "எங்க தம்பி அதுலதாம்மா வேலைக்குச் சேந்திருக்கான்" என்றேன். நல்லது, நல்லது என்றார்.

பிறகு நவராத்திரி வந்தது. விஜயா வீட்டில் கொலு. நானும் சுகியும் போனோம். ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண் குழந்தைகள் பாடினார்கள். சுகி நன்றாகப் பாடினாள். சுண்டல் வந்தது, காபி வந்தது. விஜயாதான் தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். தட்டில் எவர்சில்வர் டம்ளர்கள். அவற்றுக்கு நடுவில் இரண்டே இரண்டு நீலக் கோப்பைகள்.

தட்டு என்னிடம் வந்தபோது நான் டம்ளரை நோக்கிக் கை நீட்டினேன். விஜயா தட்டை லேசாகத் திருப்பினாள். கோப்பைகள் என் பக்கம் வந்தன. என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு டீக்கடையில் எடுக்காதவள், இங்கே எடுத்துக்கொண்டேன்.

சுகிக்கு ஒரே சந்தோஷம். "அம்மா, நமக்கு மட்டும் ஸ்பெஷல் கப்பு!" என்று உஷாவிடம் காட்டினாள். குடித்து முடித்ததும் அதைச் சமையலறைக்கு எடுத்துப்போகத் திரும்பினாள். மாமியார் பிரியமாகத்தான் சொன்னார்: "கண்ணு, அத உள்ள கொண்டு போவாத. நீயே வெளிய தொட்டில போட்டுட்டு, அங்க குழாயில கையக் கழுவிக்கினு வந்துடு."

என் மகள் குதித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொட்டி மூடியைத் திறந்து போட்டாள். வெளிக்குழாயில் குனிந்து கை கழுவினாள். நைனா கம்பத்தடியில் குனிவது போலவே இருந்தது. அதே முதுகு.

6

தேவராஜிடம் சொன்னேன். அவர் கடைசல் பட்டறையில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேச மாட்டார். "நெசமாத்தானா? டம்ளரு பத்தாம போயிருக்கப் போவுது" என்றார். அலமாரியில் இன்னும் எட்டு டம்ளர் கவிழ்த்திருந்தது என்றேன். "பாப்பாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் நானே விஜயாவுக்குப் போன் செய்தேன்.

"தப்பா எடுத்துக்காத எஸ்தர். அவங்க ஊர்லேருந்து வந்திருக்காங்க. இன்னும் மூணு மாசம். அதுவரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"தட்டைத் திருப்பினது உன் மாமியார் இல்ல, விஜி."



"நீ நர்ஸ். பேப்பர் கப்பு டம்ளரை விட சுத்தம்னு உனக்குத் தெரியாதா? அதுவும் இல்லாம, அந்தக் கப்பு உனக்கு எவ்ளோ பிடிக்கும்னு நீதானே எப்பப் பார்த்தாலும் சொல்லுவ?"

சொல்லியிருக்கிறேன். ஏன் பிடிக்கும் என்று மட்டும் சொன்னதில்லை. சொல்லாமலே அவளுக்கு அது தெரிந்திருக்கிறது.

"சனிக்கிழமை சுகியை அனுப்பிவிடு. குழந்தைக்கு எதுவும் தெரியாதே. நல்லா பாடறா" என்றாள். குரலில் உண்மையான பிரியம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அனுப்பாவிட்டால் சுகி காரணம் கேட்பாள். காரணம் சொன்னால், அவளுக்குத் தெரியவே கூடாது என்று கடல் தாண்டிக் கொண்டுவந்ததை நானே அவள் கையில் கொடுத்தது ஆகும். சொல்லாமல் அனுப்பினால் வாராவாரம் சிரித்துக்கொண்டே அந்தக் கோப்பையில் குடித்துவிட்டு, தொட்டியில் போட்டு, கை கழுவிக்கொண்டு வருவாள். இரண்டு சனிக்கிழமை, உடம்பு சரியில்லை என்று நிறுத்தினேன்.

அந்த இரண்டு வாரமும் வண்டிக் காபியும் எனக்கு இறங்கவில்லை. நீலத்தைப் பார்த்தாலே தட்டு திரும்புவது தெரிந்தது. அதனால் ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டேன்.

7

போன சனிக்கிழமை சுகி அழுதாள். "எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே, ஏன் பொய் சொல்ற?" என்றாள். பாட்டு வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் வீட்டுக்கருகே ரயில் படிக்கட்டுக்குக் கீழே ஒரு காபி வண்டி உண்டு. வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் டம்ளரை நீட்டினேன்.

இந்த வண்டிக்காரர் இளைஞர். "என் கோப்பை பிடிக்கவில்லையா?" என்று கேலி செய்தார். டம்ளரின் விளிம்பு கெட்டிலில் படாமல், கையை உயர்த்தி ஊற்றினார். சுடும் என்பதற்காக இருக்கலாம். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் ஒதுங்கிப் போய், தனியாக நின்று குடித்தேன். குடித்ததும் பையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து டம்ளரை அலசினேன். அலசிவிட்டு அதை எங்கே வைப்பது என்று கை தானாகப் படிக்கட்டுத் தூணைத் தடவியது.

ஆணியைத் தேடியிருக்கிறேன்.

ஏழு வருஷம் கழித்து, இந்த ஊர்த் தெருவில், எனக்கென்று ஒரு தனிக் குவளையை நானே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். டீக்கடைக்காரர் சொன்னது காதில் கேட்டது. ஆளுக்கு ஒண்ணு கொண்டாந்துட்டா யாருக்கும் பேஜாரு இல்லை.

சுகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, எல்லாரும் அந்தக் கப்புல குடிக்கறாங்க. நீ மட்டும் ஏன் வேற?"

படியேறி நடைமேடைக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். சொன்னேன். எச்சில் என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கம்பம், ஆணி, அலுமினியக் குவளை, நான் எடுக்காத காபி, இரண்டையும் குடித்த தாத்தா. தமிழ் புரியாத இடத்தில் ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கிலம் வராத இடத்தில் கையால் காட்டினேன். கடைசியாக, தட்டு திரும்பியதைச் சொன்னேன்.

ஒரு ரயில் வந்து போனது. அவள் ஷூ நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வெளிய போயி கை கழுவினப்போ உஷா கதவுகிட்ட நின்னுக்கினு இருந்தா. வான்னு கூப்ட்டேன். வரல" என்றாள்.

பிறகு கேட்டாள்: "விஜயா ஆண்ட்டிக்கு ஒடம்பு சரியில்லாதப்போ நீ ஊட்டிவிட்டியே, உன் கையால?"

"ஆமா."

"அது அவங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்."

"ஞாபகம் இருந்துமா?"

அடுத்த ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. சுகி எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. ஈரம் காயாத டம்ளர் என் மடியில் இருந்தது. கதவு மூடிக்கொண்டது.